முழங்கால் விறைக்காமல்

கடிதம் ஒரே பக்கம்தான்.
ஏழே காலுக்குப் பின்வாசல்.
வாசனைத் திரவியம் கூடாது.
காலைச் சாப்பாட்டை விட்டுவிட வேண்டாம்.
நிற்கும்போது முழங்காலை விறைக்காதீர்கள்,
மயங்கி விழுகிறவர்கள் பெரும்பாலும்
அப்படி நின்றவர்கள்தான்.
தலை சுற்றினால் சுவரோடு சரிந்து உட்காருங்கள்,
யாரும் சிரிக்க மாட்டோம்.

கடைசி வரியை மூன்று முறை படித்தேன்.
எவனோ ஒருத்தன் விழுந்திருக்கிறான்.
எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

இரத்தம் எனக்குப் புதிதில்லை.
நவம்பர் முழுக்க ஆர்வோவின் கொட்டகையில்
மான் உரிக்கிற வேலை.
ஹான்காக்கில் பாதிப் பேர் சுட்டுக் கொண்டுவருவதை
அவரும் நானும்தான் துண்டு போடுகிறோம்.
ஈரல் எங்கே, பித்தப்பை எங்கே,
கத்தி எங்கே திரும்ப வேண்டும்,
கைக்கே தெரியும்.
ஆனால் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில்
மான் கணக்கில் சேராது.
நாற்பது மணி நேரம்
ஒரு டாக்டரின் முதுகைப் பார்த்து நின்றிருக்க வேண்டும்.
நிழலாவது என்று அதற்கு இங்கே பெயர்.

ஆகவே இன்றிரவு
ஒரு நிழலுக்கு இஸ்திரி போடுகிறேன்.
கறுப்புக் கால்சட்டை அக்காவுடையது,
இடுப்பில் ஊக்கு.
ஷூ, பள்ளி வாத்தியக் குழுவில் இருந்தபோது வாங்கியது,
பெருவிரல் முட்டுகிறது.
நகக்கண்ணில் மான்கொழுப்பு.
உப்பும் எலுமிச்சையும் வைத்துத் தேய்த்து
முகர்ந்து பார்த்தேன்.
இன்னும் கொஞ்சம் காடு இருந்தது.

கேட்பதற்கு ஏழு கேள்விகள் எழுதி
ஆறை அடித்துவிட்டேன்.
மிஞ்சியது:
மதியம் எங்கே சாப்பிடுவீர்கள்?

ஒரே பக்கம் என்றேனே, தப்பு.
கடிதத்துக்குப் பின்பக்கமும் உண்டு.
உள்ளே கண்டதை, கேட்டதை
வெளியே சொல்லேன் என்று எழுதி
கீழே ஒரு கோடு, என் பெயருக்காக.

நாலாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஊர் இது.
தபால் கொண்டுவரும் லெம்பி,
சாலைக்கு உப்புத் தூவுகிற லாரிக்காரர்,
ஆறாம் வகுப்பில் நான் கடித்துவைத்த பையன்,
யார் வேண்டுமானாலும் அங்கே
முதுகுப்பக்கம் திறந்த அங்கியில்
கால் தொங்க உட்கார்ந்திருக்கலாம்.

குளியலறைக் கண்ணாடி முன் நின்று
தெரிந்த முகத்தைத் தெரியாததுபோல் பார்க்கப்
பழகினேன்.
என் முகத்தை வைத்தே.
வாய் சொன்னபடி கேட்டது.
புருவம்தான் காட்டிக்கொடுத்தது.
"ஸைமா, எவ்வளவு நேரம்?" அக்கா கதவை இடித்தாள்.
"யார் நீங்கள்?" என்றேன்.
பரவாயில்லாமல் வந்தது.

காலை ஆறு ஐம்பது.
கால்வாய்ப் பக்கமிருந்து பனி
நேராக விழாமல் குறுக்கே அடிக்கிறது.
வயிற்றில் ஓட்ஸ் கஞ்சி, கல்லாக.
மருத்துவமனை வாகன நிறுத்தத்தில்
ஒரு பச்சை லாரி.
பின்னால் தார்ப்பாய்,
அதன் மூலையில்
முந்தாநாள் நான் போட்ட முடிச்சு.

கொட்டகைக்கு இன்று லீவு என்று சொல்லியிருந்தார்,
மான் பருவத்தின் நடுவில்.
கத்திகளைச் சாணைக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார்.
கத்தியை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை.
இந்த இரண்டு வாரமாய்த்
தொடைக்கறியைத் தூக்கிக் கொக்கியில் மாட்டுவது
நான் மட்டும்தான்
என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ஆர்வோ இறங்கினார்.
நாற்பத்தொரு வயது மனிதர்
கதவைச் சாத்திவிட்டு
அதையே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.
என் பக்கம் திரும்பவில்லை.
நானும் முகப்பு விளக்கைப் போடவில்லை.
முன்வாசல் அவருக்கு.

ஏழு பதினாலு.
பின்வாசல் மணியை அழுத்தினேன்.
உள்ளே ரப்பர் செருப்புச் சத்தம்
நெருங்கி வந்தது.
முழங்காலை லேசாகத் தளர்த்தினேன்.
புருவம் இரண்டிலும் பனி அப்பியிருந்தது.
துடைக்கவில்லை.