பெட்டிக் கணக்கு

காலை நாலரைக்கு
யாவ் மா தேய் பழச் சந்தையில்
மூட்டைக்காரர்கள் சட்டையில்லாமல் வியர்த்துக்கொண்டிருப்பார்கள்.
பெட்டிக்கு இருபது சென்ட் பேசி
காலி அட்டைகளை அள்ளி வருவேன்.
வாழைப்பழப் பெட்டிதான் உத்தமம்:
அடியில் ஓட்டை இருக்கும்,
விழுகிறவன் அமுக்கும் காற்று
சண்டை போடாமல் வெளியே போய்விடும்.
மீன் பெட்டி ஆகாது, ஈரம் குடித்தது.
ஆரஞ்சுப் பெட்டி விறைப்பு,
அதை அடி வரிசையில் போடு என்பான்
ஃபுங் காம்-சோய்.
மூன்றாம் மாடியிலிருந்து விழப்போகிறவன் அவன்.
அவன் சொன்னதுதான் சட்டம்.

பின் பிடுங்குவது என் வேலை.
ஒரு குறடு, ஒரு தகர டப்பா.
நூற்று எண்பது பெட்டி, பெட்டிக்கு எட்டு பின்.
கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்,
என் கட்டைவிரல் அப்போதே போட்டுவிட்டது.

கதைப்படி, பழிவாங்க வந்தவள் ஒரு பெண்.
நாயகிக்குத் தைரியம் இருந்தது,
இன்சூரன்ஸும் இருந்தது.
ஆகவே காம்-சோய் மீசையை மழித்துக்கொண்டு
அவளுடைய பச்சைப் பட்டுக்குள் இறங்கினான்.
தோளில் தையல் விட்டது.
உடம்பிலேயே வைத்துத் தைத்தேன்.
மருந்தெண்ணெய் நெடி மூக்கில் ஏறியது.
"இடுப்பைக் கொஞ்சம் பிடித்துத் தை,
ஊரே பார்க்கப்போகிற இடுப்பு" என்றான்.

முதல் டேக்.
மூங்கில் சாரம், மருந்துக்கடைப் பலகை, துணிப் பந்தல்,
அப்புறம் பெட்டிகள்.
எல்லாம் அழகு.
கேமராவின் கேட்டில் ஒரு மயிர்.
ஒரு மயிருக்காக மறுபடி ஏறினான்.

இரண்டாவது டேக்.
அதுவும் அழகு.
இரட்டை மாடி பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து
ஒரு பள்ளிக்கூடப் பையன் லென்ஸைப் பார்த்துக் கையசைத்தான்.

நசுங்கிய பெட்டிகளை நிமிர்த்தினோம்.
நிமிர்த்திய பெட்டி நிமிர்ந்த பெட்டி ஆகாது.
அது எல்லோருக்கும் தெரியும்.
வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது,
அதுவும் எல்லோருக்கும் தெரியும்.
இயக்குநர் தோ கைக்கடிகாரத்தைத் தட்டினார்.
மேலே காம்-சோய்
பட்டுப் பாவாடையைத் தொடையோடு அள்ளிப் பிடித்தபடி
என்னைத் தேடி, இரண்டு விரல் காட்டினான்:
இரண்டு வரிசை வலப்பக்கம் தள்ளு.

நான் ஒரு வரிசை தள்ளியிருந்தேன்.
அதற்குள் ஆக்‌ஷன்.

முதலில் பெட்டியின் சத்தம்.
அடுத்தது
பெட்டி இல்லாத இடத்தின் சத்தம்.

இடுப்பெலும்பு, இடது மணிக்கட்டு.
ஏதோ ஒரு கடையின் கதவைக் கழற்றி அதில் கிடத்தினார்கள்.
வேனில், உதட்டுச் சாயம் காது வரை இழுபட்டிருக்க,
ஒரே ஒரு கேள்வி கேட்டான்:
"கேட்டைப் பார்த்தார்களா?"
"பார்த்தார்கள். சுத்தம்."
எனக்கெப்படித் தெரியும்?
சொன்னேன்.

ஏழு வாரம் கழித்து நள்ளிரவுக் காட்சி.
படம் பிடிக்காவிட்டால்
நாற்காலியின் பஞ்சைப் பிய்த்தெறிகிற ஜனம்.
பின்வரிசையில் இயக்குநர் சிகரெட்டை விழுங்கிக்கொண்டிருந்தார்.
காம்-சோயின் ஊன்றுகோல்கள் என் மடியில்.
அவள் விழுந்தாள்.
அவள் எழுந்து தூசி தட்டினாள்,
அது வேறொரு நாள், வேறொரு உடம்பு.
தியேட்டர் மொத்தமும் நாயகியின் பெயரைக் கூவியது.
காம்-சோயும் கூவினான்,
தொண்டை கிழிய, சத்தியமாக மகிழ்ந்து.

மூன்றாவது டேக்கைத்தான் வைத்திருந்தார்கள்.
நான் பார்த்துவிட்டேன்.
அவள் தரையைத் தொடுமுன்
திரையின் கீழ் விளிம்பில்
ஓர் அட்டை மூலை, அதை இழுக்கும் ஒரு கை,
கட்டைவிரலில் துணிக்கட்டு.
அரை நொடிகூட இல்லை.
படத்தை வெட்டியவர் கண்ணில் படவில்லை.
ஆயிரம் பேர் கண்ணில் படவில்லை.

காம்-சோய் தலை திருப்பவில்லை.
இருட்டில், என் முகத்துக்கு நேரே,
ஒரு விரலைக் காட்டினான்.

பிறகு அந்த விரலை மடக்கி
என் பொட்டலத்திலிருந்து
ஒரு தர்பூசணி விதையை எடுத்துக்
கடித்தான்.