ரிஸ்மியாவுக்கு, 177இல் போகும் வழி

கொள்ளுப்பிட்டியில் ஏறு.
அங்கிருந்துதான் புறப்படும், சீட் நிச்சயம்.
இடப்பக்க ஜன்னலைப் பிடி.
வலப்பக்கம் இருந்தால் பொரளை வரைக்கும்
வெயில் கன்னத்தைத் தின்னும்.
சில்லறை கொண்டு போ.
மிச்சக்காசை ரிக்கெற்றின் முதுகில் எழுதித் தருவான்,
இறங்கும்போது கேட்க மறந்துவிடுவாய்.
என்னுடைய நாற்பது ரூபா இன்னும்
கடுவெலைக்கும் கடலுக்கும் நடுவே
ஓடிக்கொண்டிருக்கிறது.

உன் மகன் காரில் இறக்கிவிடுகிறேன் என்பான்.
வேண்டாம்.
காரில் போனால்
வீட்டை விட்டு வெளிக்கிட முதலே
போய்ச் சேர்ந்துவிடுவோம்.

ராஜகிரிய மேம்பாலம் இறங்கிக் கொஞ்சத் தூரத்தில்
திடீரென்று தண்ணீர்.
எழும்பாதே, அது நாடாளுமன்றத்து ஏரி.
அழகுதான்.
ஆனால் நீ ஏரியைப் பார்ப்பதை
அங்கே யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள்.
பையைத் திறந்து காட்டிக் காட்டி நடந்த வருடங்கள்
நம் இரண்டு பேருக்கும் போதும்.

கொஸ்வத்தையில் இறங்கு.
த்ரீவீல்காரர் தலையை வெளியே போட்டு
எங்கே என்பார். சிரி, ஏறாதே.
எனக்கு இருபத்தைந்து நிமிட நடை.
உன் புது முழங்காலுக்கு நாற்பது.
மாலுபாண் வாசம் முடிகிற இடத்தில் ஒரு வளைவு,
பிறகு மஞ்சள் கேற், குரைக்கிற நாய்
(கட்டித்தான் இருக்கிறது),
பிறகு வீடுகள் ஒவ்வொன்றாய்ப் பின்வாங்கி
வயல்,
வயலுக்கு மேலே அணை,
அணையில் ஏறினால் தலங்கம.

டொக்டர் சொன்ன சமதரை இதுதான்.
கைபிடிக்க எதுவும் இல்லை.
ஞாயிற்றுக்கிழமை போகாதே, கார்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு
தாமரை பார்க்க வரும்.

வாங்குகளால் கணக்கு வை.
முதலாவது மருத மரத்தடியில். முதல் கிழமைக்கு அது போதும்.
இரண்டாவதின் ஒரு கால் உடைந்துவிட்டது,
அதில் ஒரு கபரகொய்யா வெயில் காயும்;
அதற்கும் எழும்ப நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்.
மூன்றாவதுக்கு நேரே
பறவைகளின் பெயர்ப்பலகை.

அந்தப் பலகையின் தமிழ் என்னுடையது.
கந்தோரில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம்
பதினாறு பறவைகளை மொழிபெயர்த்தேன்,
ஒன்றையும் பார்த்திராமல்.
தாழைக்கோழி என்று அனுப்பினேன்.
தாலைக்கோலி என்று நட்டார்கள்.
மூன்று கடிதம் எழுதினேன்.
கோப்புக்கு ஓர் இலக்கம் கிடைத்தது.
நான்காவதை எழுதாமல் பஸ் ஏறினேன்.

அப்படித்தான் முதல்தடவை அதைப் பார்த்தேன்.
நீலம் என்றால், மை ஊற்றிய நீலம்.
நெற்றியில் சிவப்பு.
ஈரச் செருப்போடு குளியலறையிலிருந்து வருகிறவள்போல்
இலைக்கு இலை காலைத் தூக்கித் தூக்கி வைத்து
பிழையான தன் பெயருக்குக் கீழே
ஒரு தண்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தது.

போன மாதம் கறுப்பு மார்க்கரோடு போனேன்.
மூடியைக் கழற்றும்போது
நாணலுக்குள்ளிருந்து ஒரு குரல், சிங்களத்தில்,
என்ன எழுதுகிறீர்கள் என்று.
தூண்டிலோடு ஒரு மனிதர்.
மீன்பிடித்தல் தடை என்று
அதே பலகை மூன்று மொழியிலும் சொல்கிறது,
அந்த வரியில் பிழையில்லை.
ஓர் எழுத்து, என்றேன்.
அவர் அணையின் அந்த முனையைப் பார்த்தார்,
இந்த முனையைப் பார்த்தார்,
எழுதுங்கள் என்று கையைக் காட்டினார்.

ஒரு ழகரம் போட்டேன்.
கை நடுங்கி வால் கொஞ்சம் நீண்டுவிட்டது.
அதற்குள் மோட்டர்சைக்கிள் சத்தம்.
அவர் தூண்டிலைச் சுருட்டினார், நான் மார்க்கரை.
ஆளுக்கொரு பக்கம் பார்த்து
நாரை எண்ணினோம்.

இப்போது அது தாழைக்கோலி.
மற்ற ழகரம் உனக்கு.
பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு
உன்னைத்தானே கூப்பிடுவார்கள்.

மூன்றாவது வாங்குக்கு ஐந்து கிழமை எடு, ஆறு எடு,
பலகை எங்கும் போகாது.
மார்க்கரை நான் தருகிறேன்.
வானம் கறுத்தால் மட்டும்
அன்றைக்கு வேண்டாம்,
மை பிடிக்காது.