இருபத்துநான்கு பிக்சல்

புதியவர்களுக்கான வேலை என்று போட்டிருந்தது.
அதன் கீழே, அதே எழுத்துருவில்,
கொஞ்சம் மெலிந்த சாம்பலில்:
இரண்டு வருட அனுபவம் அவசியம்.
சாம்பலில் போட்டால் உறுத்தாது என்று
யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார்.
அவருக்கு வேலை இருக்கிறது.

செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்கு லிஃப்ட் இரண்டு.
ஒன்று எப்போதும் பழுது. மற்றது
ஏழாவது மாடியில் நிற்காது.
நாங்கள் ஏழாவது மாடி.
எட்டில் இறங்கி ஒரு மாடி கீழே நடந்துவரும் அம்மா
பையை வைக்கும் முன்பே ஆரம்பிப்பாள்:
"சரிங்கிற பட்டனையும் ரத்துங்கிற பட்டனையும்
ஒட்டி ஒட்டி வச்சவன் எவன்டி?
இன்னிக்கு மட்டும் நாலு தடவ.
ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசர் சாவியோட வரணும்,
வரிசையில நிக்கிற சனம் என்னையே பாக்குது."
கெப்போங் பேரங்காடி, ஆறாம் நம்பர் கல்லா.
பதினான்கு வருட அனுபவம்.

ஒரு விரல் வழுக்குவதைப் பற்றித்தான் அம்மா
நான் மூன்று வருடம் படித்தேன்,
முப்பத்தெட்டாயிரம் வெள்ளிக் கடனில்.
சொல்லவில்லை.
"எத்தனாவது?" என்றாள் மடிக்கணினியைப் பார்த்து.
"அறுபத்தொண்ணு."
"மொய் நோட்டு மாதிரி எண்ணி வச்சிருக்க."

பங்சார் சவுத்தில் பத்தொன்பதாம் மாடி.
குளிரில் நகங்கள் நீலமாயின.
ஒரு சின்னப் பரீட்சைதான் என்றார்கள்.
சாப்பாட்டுச் செயலி, பணம் கட்டும் பக்கம் மட்டும்,
திங்கட்கிழமைக்குள்.
காசு கிடையாது, வாய்ப்பு உண்டு.

சனி இரவு, ஞாயிறு இரவு.
மேசைவிசிறி இடமும் வலமும் தலையாட்டி
வேண்டாம் வேண்டாம் என்றது.
ஆறாம் நம்பர் கல்லாவை நினைத்தபடி
சரியை வலப்பக்கம் தள்ளினேன், ரத்தை இடப்பக்கம்,
நடுவே இருபத்துநான்கு பிக்சல்,
தொட்டால் எதுவும் நடக்காத வெள்ளை.

பதில் மூன்று வரி.
என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
இரட்டை அடைப்புக்குறிக்குள்
பெயர் என்றே இருந்தது.

மாமாக் கடையில் மூன்று பேர் சந்தித்தோம்.
"எனக்கு வரைபடப் பக்கம்" என்றாள் எஸ்ஸாத்தி.
"எனக்குப் பதிவுப் பக்கம்" என்றாள் வெய் ஷான்.
மாண்டரின் தெரியாததால் இல்லை என்று
நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம்.
தெரிந்த அவளுக்கும் இல்லை.
தே தாரிக் ஆறும்வரை யாரும் பேசவில்லை.
பிறகு எஸ்ஸாத்தி எங்கள் மூன்று கைப்பேசிகளையும்
மேசையில் ஒட்டி வைத்தாள்.
முழுச் செயலி.
ரொட்டி சானாய் புரையேறும் அளவுக்குச் சிரித்தோம்,
பில்லை மூன்றாகப் பிரித்தோம்.

இப்போது மஸ்ஜித் இந்தியாவில் ஓர் அச்சுக்கடை.
பிறந்தநாள் பேனர் ஒன்றுக்கு ஏழு வெள்ளி.
"தலைவர் மூஞ்சி இன்னும் பெருசு" என்பார் முதலாளி.
பெரிதாக்குவேன்.
எழுத்துக்கு இடமிருக்காது.
யாரும் குறைசொன்னதில்லை.

நேற்று மஸ்ஜித் ஜாமெக்கில் ஏறிய ரயிலில்
எனக்கு முன்னால் ஒருவர், காவலாளிச் சட்டை,
ஒரு கையில் பிடி, மறு கையில் கைப்பேசி.
நிறத்தை மாற்றியிருந்தார்கள்,
மூலைகளை உருட்டியிருந்தார்கள்.
இருந்தாலும் தன் கையெழுத்து தனக்குத் தெரியாதா.
நாசி லெமாக் ஆயாம், ஒன்று.
பதினொன்று தொண்ணூறு.
கட்டைவிரல் சரியை நோக்கிப் போகையில்
பண்டாராயா வளைவில் ரயில் ஒரு குலுக்குக் குலுக்க
வழுக்கியது.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
வெள்ளையில் விழுந்தது.

எதுவும் நடக்கவில்லை.
அவர் கவனிக்கக்கூட இல்லை, மறுபடி அழுத்தினார்,
ரத்தாகாத சோற்றோடு
அடுத்தடுத்த நிலையத்தில் இறங்க நகர்ந்தார்.

தோளைத் தட்டி,
அந்த ஒன்றுமில்லாத இடம் நான் போட்டது என்று
எந்த மொழியில் சொல்வது?
யோசிப்பதற்குள்
செந்தூல் வந்துவிட்டது.