ஒற்றைக் குத்து

நியூசிலாந்திலிருந்து நிரோஜினி அனுப்பிய கம்பளி.
திருகோணமலைச் சித்திரை வெயிலில்
பொதியைப் பிரித்ததுமே வியர்த்தது எனக்கு.

நாளுக்கு நாற்பது ஊசி போடுகிற கை.
தோலுக்குச் சற்றே கீழ் என்றால் சரிவாக,
தசைக்கென்றால் நேராக;
என்னைக் கேட்காது.
கம்பளிக்குத்தான் தெரியவில்லை.

கோட்டை வாசல் மானைச் செய்ய இருந்தேன்.
இரவுக் கடமை முடிந்து வரும்போது
யாரோ எறிந்த சோற்றுப் பார்சல் தாளை
மென்றுகொண்டு நிற்குமே, அது.
குத்தினேன், குத்தினேன்.
முள்ளூசி ஒன்று பஞ்சுக்குள் முறிந்தது.
பழுப்பு இறுகி அட்டையானது.
வெள்ளைப் புள்ளிகள் உள்ளே போய்
அம்மைத் தழும்பாகின.

"செத்த மான்" என்றாள்
மூன்றாம் வார்டு றிஸ்மியா,
மீன்பொரியல் கையோடு.

முதுகைப் பிய்த்தெடுத்தேன்.
புது இழைகளை விரலால் கிள்ளி
மயிர் சாயும் பக்கமாகவே கிடத்தி
வேரில் மட்டும், சரிவாக, ஒரு குத்து.
நுனிகளை விட்டுவிட்டேன்.
வயிற்று வெள்ளையைக் குத்தவேயில்லை;
பழைய பல்துலக்கியால் கிளறியதோடு சரி.
பின்னால் கடல்: அலைக்குச் சில குத்து,
நுரையைச் சும்மா வைத்தேன்.

கழுத்தில் நாய் கடித்த இடம் ஒன்று உண்டு அதற்கு.
அங்கே மட்டும் பழைய கோபத்தோடு குத்தினேன்.
மயிர் முளைக்காத தோல்
அப்படித்தான் வரும்.

இன்று றிஸ்மியா ஒன்றும் சொல்லவில்லை.
கையைக் கழுவி, துடைத்து,
புறங்கையால் தொட்டாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.

கரண்ட் வந்தது. விசிறி சுழன்றது.
தொடைமேல் ஒரு புள்ளி,
ஒற்றைக் குத்தில் நிற்பது,
எழும்புவதா வேண்டாமா என்று
ஆடிக்கொண்டிருக்கிறது.