ஆறு குறைகிறது

பிரேமர்ஹாவன் மீன்துறையில்
மீனைச் செவ்வகமாக்குவது என் வேலை.
உறைந்த பாளம் வரும், ரம்பம் இறங்கும்,
விரல் நீளத் துண்டுகள்
ஒன்றையொன்று தொடாமல்
பட்டையில் நேராகப் போகும்.
எட்டு மணி நேரம் இணைகோடு பார்த்த கண்.

குளிரில் மடங்க மறுத்த விரல்களுக்கு
மருத்துவர் மாத்திரை எழுதவில்லை.
குரோஷா ஊசி பிடித்துப் பாருங்கள் என்றார்.

செவ்வாய் மாலை, நூலகத்தின் பின்னறை.
ஏழு பெண்கள், நான்.
கடலாய்வுக் கூடத்தில்
கண்ணாடித் தொட்டி கழுவும் வீப்கே
விதியைச் சொன்னாள்:
ஆறு கண்ணியில் தொடங்கு.
ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இரண்டு போடு.
அவ்வளவுதான்.

ஆறு, பன்னிரண்டு, இருபத்துநாலு.
மூன்றாம் சுற்றிலேயே தட்டையாய்க் கிடக்க மாட்டேன் என்றது.
தப்புப் போட்டுவிட்டேனென்று அவிழ்க்கப் போனேன்.
"விடு, அதற்கு இடம் போதவில்லை.
நெளியாமல் என்ன செய்யும்?"

நாற்பத்தெட்டு. தொண்ணூற்றாறு.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டில்
உறைபனி விழுந்தபின் இங்கே பறிக்கிற
சுருட்டைக் கோசிலை ஒன்று என் உள்ளங்கையில்.
ஓடில்லாத கடல்நத்தைக்கும் இதே விளிம்பாம்,
பவளத்துக்கும்.
கொஞ்ச இடத்தில் இருந்துகொண்டு
நிறையத் தண்ணீரைத் தொட.

பச்சை நூலால் அதில் ஒரு கோடு தைத்தாள்.
தள்ளி ஒரு புள்ளி.
புள்ளி வழியே மூன்று விதமாய் மடித்தாள்.
மூன்று மடிப்பும் பச்சையை வெட்டாமலே போயின.
ஒன்றுக்கு மேல் கிடையாது என்றெழுதி
நான் ஒன்பதாம் வகுப்பில் முழு மதிப்பெண் வாங்கியவன்.

ஏழாம் சுற்றில் கம்பளி தீர்ந்தது.
வீட்டில், மீன் வாடை போகாத கையால்
அட்டைப்பெட்டியின் பின்புறம் கூட்டிப் பார்த்தேன்.
இதுவரை போட்டதெல்லாம் முந்நூற்று எழுபத்தெட்டு.
இந்த ஒரு சுற்றுக்கு மட்டும் முந்நூற்று எண்பத்துநாலு.
ஆறு குறைகிறது.
அடுத்த சுற்றுக்கும் பார்த்தேன், ஆறு.
அதற்கடுத்தும்.
எத்தனை பின்னினாலும் அடைபடாத அந்த ஆறு
முதல் முதலில் போட்டவை.

துறைமுகக் கல்லில் கிழிந்த இழுவலை கிடந்தது.
அதன் ஆரஞ்சு நைலானைப் பிரித்துக்
கம்பளி நின்ற இடத்தில் முடிச்சிட்டேன்.
விரலை அறுத்தது. விரல் மடங்கியது.

பாத்திரம் கழுவும் தொட்டியில் நீர் நிரப்பி இறக்கினேன்.
கையில் இறுகிக் கிடந்தது
மடல் மடலாக விலகிற்று.
சன்னலுக்கு அப்பால் வேசர்.
ஓதம் ஏறுகிற நேரம்,
கடலில் சேராமல்
திரும்பி வந்துகொண்டிருந்தது
ஆறு.