பாதை வந்தால்

நான் இங்கே படிப்பிக்கிறவள் அல்ல,
நேரசூசி போடுகிறவள்.
அறுபத்துமூன்று பிள்ளைகள், ஒன்பது விரிவுரையாளர்,
மழைக்கு உமி மணக்கிற ஒரு பழைய நெற்களஞ்சியம்.
அதைப் பலகையால் நான்காய் மறித்ததும்
கல்லூரி என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள்.

குருமண்வெளியில் இருந்து பாதை வரவேண்டும்.
மண்டூரில் பாதை என்றால் தெருவல்ல,
தண்ணீரில் மிதக்கும் இரும்புத் தட்டு.
மோட்டார்சைக்கிள், மீன்பெட்டி, அளவையியல்
எல்லாம் அதில் நின்றபடியே கரை மாறும்.
பாதை பழுதென்றால் செல்வி பல்தசார் எழுவான்கரையில்.
நேற்று அவர் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போன
'எல்லா மனிதரும் இறப்பவர்'
படுவான்கரையில் முடிவு இல்லாமல் நிற்கும்.
அன்றைக்கு இரசாயன ஐயா கவிதை நடத்துவார்.
மோசமாகத்தான் நடத்துவார்.
பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

பன்னிரண்டு பாடம், விலக்கு யாருக்குமில்லை.
சித்திரத்துக்கு வந்தவள் ஐந்தொகை சமப்படுத்தவேண்டும்.
கணக்கீட்டுக்கு வந்தவன்
சேற்றில் இறங்கிக் கண்டல் இலை வரையவேண்டும்,
அதன் முளை எப்படி விழுகிறது, எத்தனை நாள் மிதக்கிறது,
எந்தக் காற்றுக்கு எங்கே ஒதுங்குகிறது
என்று கொப்பியில் குறிக்கவேண்டும்.

வெல்லாவெளியில் இருந்து ஒரு தகப்பன் வந்தார்.
உழவு மெசினை வாசலில் அணைக்கவே இல்லை.
"எண்ட மகன் வங்கிக்குப் போகப் படிக்கிறான்.
கண்டல் இலைக்கு எத்தின நரம்பெண்டு
வங்கியில கேப்பாங்களா மகள்?"
நான் லிகிதர். எனக்குத் திறக்கத் தெரிந்தது
ரசீதுப் புத்தகம் ஒன்றுதான்.
"கேக்கமாட்டாங்க" என்றேன்.
அவருக்கு அது போதவில்லை.
எனக்கும்.

கடைசிப் பரீட்சைக்கு வினாத்தாள் அச்சிடவில்லை.
காவலாளி விநாசித்தம்பி
ஒரு வாளி வாவித் தண்ணீரை மேசையில் வைத்தார்.
மூன்று மணித்தியாலம், இதைப் பற்றி எழுதுங்கள்.
பாடும் மீனை எழுதுகிறவருக்கு ஐந்து புள்ளி வெட்டு
என்று வாயால் சொன்னார் செல்வி பல்தசார்.
இரண்டு பேர் உடனே எதையோ அழித்தார்கள்.

மருதமுனை ஜுமானா விரலை நனைத்து நக்கினாள்,
உப்பை வைத்தே
முகத்துவாரம் வெட்டி எத்தனை நாளென்று தொடங்கினாள்.
யோகநளினி வாளியை வரைந்தாள்,
தண்ணீரை வரையவில்லை.
வெல்லாவெளிக்காரன் பவிகரன்
ஒரு மணித்தியாலம் பேனையைத் திறக்கவில்லை.
நான் வரவு இடாப்போடு அவன் பின்னால் நின்றேன்.
பிறகு எழுதினான்:

'இந்தத் தண்ணீரில் சித்தப்பாவை மூன்று நாள் தேடினோம்.
தோணி கவிழ்ந்தது மார்கழியில்.
அப்போது முகத்துவாரம் மூடியிருந்தது.
ஆகவே தண்ணீர் ஓடவில்லை, காற்றுத்தான் ஓட்டியது.
காற்று வாடை.
கண்டல் முளை அந்தக் காற்றில் தென்மேற்கே ஒதுங்கும்.
ஆகவே நாங்கள் தேடியது
பிழையான கரை.'

கீழே ஒரு முளை வரைந்திருந்தான்.
நரம்பு எண்ணவில்லை.

அந்தத் தாள் செல்வி பல்தசாரிடம் நான்கு நாள் இருந்தது.
முதலாவது 'ஆகவே'க்கு ஒரு சரி.
இரண்டாவதுக்கு அவர் ஒன்றும் போடவில்லை.
புள்ளிக் கட்டத்தில்
எண்பதை வெட்டி எழுபத்தெட்டு, அதையும் வெட்டி
மறுபடி எண்பது.

சான்றிதழ் வாங்கத் தகப்பன் வந்தார்.
இம்முறை மெசினை அணைத்திருந்தார்.
"கடைசிச் சோதினையில என்ன கேட்டாங்க மகள்?"
"தண்ணியப் பற்றி."
"அவன் என்ன எழுதினான்?"
மிச்சக் காசு எண்ணினேன். ஒரு தரம் பிழைத்தது.
"கனக்க எழுதினான்" என்றேன்.

அடுத்த ஆண்டு நேரசூசி மேசையில் கிடக்கிறது.
திங்கள் எட்டு மணி, கண்டல்.
ஒன்பதுக்கு அளவையியல்,
பக்கத்தில் வழமைபோல் பென்சிலால்:
பாதை வந்தால்.