பதினோரு நாள் குறைவு

தகாமத்சுவில், மீன் சந்தைக்குப் போகும் நடைபாதையில்
யாசுயோவை நிறுத்தினான் இளம் போலீஸ்காரன்.
தொப்பியைத் தொட்டு, தலை குனிந்து,
மன்னிப்புக் கேட்கிற குரலில் வயதைக் கேட்டான்.

அறுபத்தொன்பது.
எழுபதுக்கு இன்னும் பதினோரு நாள்.

எழுபது ஆனவர்கள் நடைபாதையில் ஓட்டலாம்.
பதின்மூன்று ஆகாதவர்களும்.
நடுவில் கிடக்கிற ஐம்பத்தேழு வருடம்
லாரிகளோடு.
அவளோ அத்தனை வருடமும் இதே கல்லில்தான் ஓட்டினாள்,
முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை.
ஒருவரும் கேட்டதில்லை.

இப்போது கூடையில் முள்ளங்கி, வெங்காயத்தாள்,
கணவனின் சர்க்கரை மாத்திரை.
"பதினோரு நாளில் என் முழங்கால்
என்ன சட்டம் படித்துவிடப் போகிறது?"

சிரிப்பை விழுங்கிக்கொண்டு
எச்சரிக்கைச் சீட்டை நீட்டினான்,
இரண்டு கையாலும்.

இறங்கித் தள்ளினாள்.
தள்ளுகிறவள் நடக்கிறவள்; அதுவும் சட்டம்தான்.
இரண்டு காலும் தரைக்கு வந்ததும்
வாகனம் என்ற பட்டம் கழன்றுவிடுகிறது.

விளக்கில்லாத வெள்ளைக் கோட்டில் காத்து நின்றாள்.
நிற்க வேண்டிய கார்கள்,
ஒன்று, இன்னொன்று, ஒரு பால் வண்டி,
நிற்கவில்லை.
அவர்களிடம் யாரும் வயது கேட்கவில்லை.

கடைசியில் அவனே சாலையில் இறங்கினான்,
கையை அகல விரித்து.

மெதுவாகக் கடந்தாள்,
வேண்டுமென்றே மெதுவாக,
நட்டநடுவில் மணியை ஒருமுறை அடித்து.

நடக்கிறவள் மணி அடித்தால்
எந்தப் பிரிவு என்று
விரித்த கையோடு
யோசித்துக்கொண்டிருந்தான்.